முருங்கை மரத்தில் வந்து அமர்வது வல்லூறா, அக்காக்குயிலா, இராஜாளியா?

மடிப்பாக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. வீட்டின் பின்பக்கம் ஒரு முருங்கை, ஒரு மா, இரண்டு கொய்யா. ஆகஸ்ட் தொடக்கத்திலிருந்து காலை வேளைகளில் ஒரு பறவை வந்து முருங்கைக் கிளையில் அசையாமல் அமர்கிறது. மைனாவைவிடப் பெரியது, காகத்தைவிடச் சிறியது. முதுகு பழுப்பு. வெளுத்த மார்பில் மேலிருந்து கீழாகப் பழுப்புத் தீற்றல்கள். கண் மஞ்சள், வாலில் குறுக்குப் பட்டைகள். ஒருநாள் காலில் ஓணான் தொங்கப் பறந்து போயிருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெரியவர் இராஜாளி என்கிறார். கைபேசிச் செயலி ஷிக்ரா, பெஸ்ரா என்று இரண்டு பெயர்களைக் காட்டுகிறது. மொட்டைமாடிக் கூண்டில் லவ் பேர்ட்ஸ் இருப்பதால் கேட்டவருடைய அம்மா பயப்படுகிறார். கூடவே ஒரு படம், வானத்தின் வெளிச்சத்துக்கு எதிராக எடுத்தது.

பெயர் என்ன என்ற கேள்விக்குள் இன்னும் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அந்தப் பெயரை எவ்வளவு நம்பலாம்? தெரிந்துகொண்ட பின் நாம் ஏதாவது செய்ய வேண்டுமா? விலங்கியல் படித்து, அடையாறு, கிண்டி, பள்ளிக்கரணைப் பகுதிகளில் நெடுங்காலமாகப் பறவைகளைக் கவனித்தும் கணக்கெடுத்தும் வருகிறேன். அந்தப் பழக்கத்தை வைத்து மூன்றுக்கும் பதில் எழுதுகிறேன். இது வல்லூறு. அதிலும் இந்த ஆண்டு கூட்டைவிட்டு வெளிவந்த இளம்பறவை. இனத்தைப் பற்றி எனக்கு ஏறக்குறையச் சந்தேகமே இல்லை. எங்கே கொஞ்சம் இடைவெளி இருக்கிறது என்பதைப் பின்னால் சொல்கிறேன். ஆங்கிலப் புத்தகங்கள் ஷிக்ரா என்று சொல்வது இதைத்தான். சில தமிழ்ப் பட்டியல்களில் வைரி என்றும் இருக்கும். தேடும்போது இரண்டு பெயர்களையும் போட்டுப் பாருங்கள்.

உங்கள் குறிப்பில் எல்லாவற்றையும்விட மதிப்புள்ளது நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி: ஓணான் காலில் தொங்கியது. வண்ணத்தையும் அளவையும் பற்றி நீங்கள் எழுதிய அத்தனையும் இல்லாமல் இந்த ஒன்று மட்டும் இருந்திருந்தாலும் பாதி வேலை முடிந்திருக்கும். இரையைக் காலால் பிடித்துக் காலிலேயே தூக்கிக்கொண்டு போவது கொன்றுண்ணிப் பறவைகளின் வேலை. காகம் ஓணானைப் பிடித்தாலும் பெரும்பாலும் அலகில்தான் கொண்டு போகும். செம்போத்தும் அப்படித்தான், அதுவும் ஓணான் தின்னும், பழுப்பும் கறுப்புமாகப் பெரிதாக இருக்கும், புதரிலிருந்து திடீரென்று கிளம்பும்போது பலரை ஏமாற்றியிருக்கிறது. ஆனால் அதன் கால்கள் இரையைச் சுமக்க ஆனவை அல்ல.

இதைச் சொல்வதற்குக் காரணம் அக்காக்குயில். சென்னைத் தோட்டங்களில் வல்லூறு என்று சொல்லி எனக்கு வரும் படங்களில் கணிசமானவை அக்காக்குயிலுடையவை. அளவும் சாம்பல் முதுகும் ஒன்றே. வளர்ந்த பறவையின் மார்பில் பழுப்புச் சாயலும் கோடுகளும் உண்டு, இளம்பறவையின் மார்பில் உங்கள் பறவைக்கு இருப்பது போன்ற தீற்றல்களும் உண்டு, வாலிலும் பட்டைகள் உண்டு. பறக்கும் விதமும் ஏறக்குறைய அதுவே: சில விரைவான இறகடிப்பு, பிறகு ஒரு சறுக்கல். சின்னப் பறவைகளே ஏமாந்து கூச்சலிடும்போது நாம் ஏமாறுவதில் வியப்பில்லை. போதாக்குறைக்கு, முருங்கை மரம் அக்காக்குயிலுக்கு மிகவும் பிடித்த இடம். மழைக்குப் பிறகு முருங்கைத் தண்டில் கூட்டம் கூட்டமாக அப்பிக்கொண்டிருக்கும் கம்பளிப்புழுக்களை வேறு பறவைகள் தொடத் தயங்கும். இது தேடி வந்து தின்னும். ஆகவே முருங்கையில் மார்புக் கோடுகளோடும் மஞ்சள் கண்ணோடும் ஒரு பறவை என்று மட்டும் யாராவது எழுதினால் நான் இரண்டு பெயர்களையும் சம எடையில்தான் வைப்பேன்.

இரண்டையும் பிரிப்பது எளிது, ஆனால் பார்வை மார்பிலிருந்து விலகிப் போக வேண்டும். முதலில் அலகு. வல்லூறின் அலகு அடியிலிருந்தே வளைந்து கீழே கொக்கியாக முடியும். அலகின் அடியில் மஞ்சள் தோல் ஒன்று மூக்குத் துளைகளைச் சுற்றிப் படர்ந்திருக்கும். அக்காக்குயிலின் அலகு மெலிந்தது, ஏறக்குறைய நேரானது, நுனியில் மட்டும் இலேசான வளைவு. அடுத்து கண். அக்காக்குயிலுக்குக் கண்ணைச் சுற்றித் தெளிவான மஞ்சள் வளையம் இருக்கும், முகம் சாதுவாகத் தெரியும். வல்லூறுக்குக் கண்ணின் மேல் புருவ எலும்பு நீட்டிக்கொண்டிருப்பதால் எப்போதும் முறைப்பது போன்ற முகம். பிறகு கால். வல்லூறின் கால் நீளமாக, மஞ்சளாக, கிளையைப் பற்றியபடி வெளியே நன்றாகத் தெரியும். மூன்று விரல் முன்னே, ஒன்று பின்னே. அக்காக்குயிலின் கால் குட்டையானது, வயிற்று இறகுக்குள் பாதி மறைந்துவிடும். இரண்டு விரல் முன்னே, இரண்டு பின்னே. அமரும் விதமும் வேறு. வல்லூறு நிமிர்ந்து உட்காரும். அக்காக்குயில் வந்து அமர்ந்ததும் வாலை இப்படியும் அப்படியும் ஆட்டும், சிறகுகளைத் தளர்வாகத் தொங்கவிட்டு, கிளைக்கு ஏறக்குறையப் படுக்கையாக இருக்கும். வேனிலில் வந்தால் எந்தச் சிரமமும் இல்லை: படிப்படியாகச் சுருதி ஏறி உச்சத்தில் அறுந்து, மறுபடி தொடங்கும் அந்தக் கூவலை இரவிலும்கூட நிறுத்தாது. ஆகஸ்டில் பெரும்பாலும் வாய் திறக்காது, அதனால்தான் குழப்பம்.

உங்கள் படத்தில் அலகு தெரியவில்லை, கால் இலைக்குப் பின்னால் இருக்கிறது. படம் மட்டும் இருந்திருந்தால் நான் பதில் சொல்லாமல் இன்னொரு படம் கேட்டிருப்பேன். ஓணானும், அந்த நிமிர்ந்த உட்காரும் நிலையும்தான் முடிவைச் சொல்ல வைக்கின்றன.

இனி இராஜாளி. பக்கத்து வீட்டுப் பெரியவரை நான் குறை சொல்ல மாட்டேன். நம் ஊரில் வேட்டையாடும் எந்தப் பறவைக்கும் அந்தப் பெயர் பொருந்தும் என்ற பழக்கம் இருக்கிறது. ஆனால் அதிவேகமாகப் பாய்ந்து வானத்திலேயே புறாவை அடிக்கும் ஃபால்கன் வகையை அவர் மனத்தில் வைத்திருந்தால், அது இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம். மஞ்சள் கண் ஒன்றே போதும். நம் பக்கம் காணக்கூடிய ஃபால்கன் இனங்களுக்குக் கண் கரும்பழுப்பு. தூரத்திலிருந்து கறுப்பாகவே தெரியும். கண்ணைச் சுற்றியுள்ள தோல் மஞ்சளாக இருக்கலாம், கண்மணியைச் சூழ்ந்த பகுதி மஞ்சளாக இருக்காது. சிறகும் வேறு. ஃபால்கன் அமர்ந்திருக்கும்போது நீண்ட கூரான சிறகின் நுனி வால்நுனியை நெருங்கிவிடும். வல்லூறின் சிறகு குட்டை, நுனி வட்டம், வால் நீளம். மடக்கிய சிறகு முடிந்த பிறகும் வால் நெடுக நீண்டிருக்கும். கிளைகளுக்கு நடுவே புகுந்து, கடைசி நொடியில் திரும்பி இரையைப் பிடிக்கிற உடலமைப்பு அது. உங்கள் படத்தில் உருவரை மட்டும்தான் தெரிகிறது என்றாலும் அந்த நீண்ட வாலும் குட்டைச் சிறகும் தெளிவாக இருக்கின்றன. பின்னொளியில் எடுத்த படத்தில் நிறத்தை நம்பக்கூடாது, வடிவத்தை நம்பலாம்.

பார்வைக்கு இவ்வளவு ஒத்திருந்தாலும் ஃபால்கன்களும் பருந்து, வல்லூறு, கழுகு குடும்பமும் நெருங்கிய உறவு இல்லை. 2008-இல் வெளியான மரபணு ஆய்வு ஃபால்கன்களைக் கிளிகளுக்கும் குருவிகளுக்கும் அருகில் கொண்டுபோய் வைத்தது. பிறகு வந்த ஆய்வுகளும் அதையே உறுதிசெய்தன. வளைந்த அலகும் கூர்நகமும் ஒரே தொழிலால் தனித்தனியே வந்தவை. எனக்கு இது இன்றும் மலைப்பைத் தரும் செய்தி. பெரிய ஃபால்கனைச் சென்னையில் பார்க்க விரும்பினால் குளிர்காலத்தில் உயரமான கட்டடங்களின் விளிம்பையும் கைபேசிக் கோபுரங்களையும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மேல் வானத்தையும் பாருங்கள். முருங்கைக் கிளையில் அது வந்து அமர்வதற்கு ஒரு காரணமும் இல்லை.

மற்றவற்றை விரைவாகக் கடந்துவிடலாம். நகரம் முழுவதும் வட்டமடிக்கும் கரும்பருந்து காகத்தைவிடப் பெரியது, வால் நுனியில் கவட்டைப் பிளவு உண்டு. செங்கல் நிற உடலும் வெண்தலையும் உள்ள செம்பருந்தை எல்லோரும் அறிவார்கள். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் சன்ஷேடுக்கு அடியில் தொங்கும் பெரிய தேனடைகளைத் தேடி வரும் தேன் பருந்தும் காகத்தைவிடப் பெரியதுதான். உடலுக்குத் தலை சிறுத்துத் தெரியும். கருந்தோள் பருந்து உங்கள் பறவையின் அளவே, ஆனால் வயிறு கோடே இல்லாத வெள்ளை, கண் சிவப்பு, திறந்த வெளியில் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று கீழே பார்க்கும். புள்ளி ஆந்தைக்கு மஞ்சள் கண் உண்டு, அதுவும் சென்னைத் தோட்டங்களில் வசிக்கும், ஆனால் உருண்டைத் தலையும் குட்டை வாலும் மைனாவைத் தாண்டாத உருவமும் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இப்போது செயலி காட்டிய இரண்டாவது பெயருக்கு வருகிறேன், சந்தேகம் உண்மையிலேயே இருக்கும் இடம் இதுதான். பெஸ்ரா வல்லூறின் நெருங்கிய உறவு. தொண்டையின் நடுவில் செங்குத்தாக ஒரு கருங்கோடு பெஸ்ராவின் அடையாளம் என்று எல்லாப் புத்தகங்களும் சொல்லும். வல்லூறுக்கும் அந்தக் கோடு உண்டு. வளர்ந்த பறவைகளில் மெலிந்து மங்கலாக இருக்கும், இளம்பறவைகளில் சற்று அழுத்தமாகவே தெரியும். கோடு இருக்கிறது, ஆகவே பெஸ்ரா என்று பலரும் முடிவு கட்டுவது இதனால்தான். கோடு இருக்கிறதா என்பதைவிட எவ்வளவு அகலம் என்று பார்க்க வேண்டும். பெஸ்ராவுக்கு அது தடித்து, கறுத்து, தூரத்திலிருந்து பார்த்தாலும் தவறவிட முடியாததாக இருக்கும். வால் பட்டைகள் அதைவிட நம்பகமானவை. பெஸ்ராவின் வாலில் கரிய பட்டையும் இடையிலுள்ள வெளிர் பட்டையும் ஏறக்குறைய ஒரே அகலம். வல்லூறின் கரிய பட்டைகள் ஒடுங்கியவை, இடைவெளி அகலமானது. விரல்களையும் பார்க்கலாம்: வல்லூறின் விரல்கள் குட்டையாகத் தடித்தவை; பெஸ்ராவின் நடுவிரல் மெலிந்து நீண்டது. பறவை எதைப் பிடித்து வாழ்கிறது என்பதோடு இது தொடர்புடையது. பறக்கும் சிறு பறவைகளை எட்டிப் பிடிக்க நீண்ட விரல் உதவும். ஓணான், அணில், எலி, வெட்டுக்கிளி என்று தரையிலும் கிளையிலும் கிடைப்பதை அழுத்திப் பிடிக்கக் குட்டை விரல் போதும்.

இதற்கெல்லாம் மேலாக இடத்தைப் பாருங்கள். பெஸ்ரா அடர்ந்த காட்டின் பறவை, தமிழ்நாட்டில் மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் தேட வேண்டியது. வல்லூறு ஊரோடு ஒட்டி வாழக் கற்றுக்கொண்டது. கிண்டிப் பூங்காவிலும் பிரம்மஞான சபைத் தோப்பிலும் மட்டுமல்ல, நெருக்கமான தெருக்களில் நான்கு வேப்பமரம் இருந்தாலும் சமாளித்துக்கொள்ளும். உங்கள் வீட்டுக்கு ஒரு பக்கம் பள்ளிக்கரணை, இன்னொரு பக்கம் நன்மங்கலம் காப்புக்காடு. வல்லூறுகள் கூடு கட்டிப் பரவ இதைவிட வசதியான இடம் வேண்டியதில்லை. செயலிகள் படத்தை ஒப்பிட்டுப் பெயர் தருகின்றன. மங்கலான படம் கொடுத்தால் நெருங்கிய உறவுகளையெல்லாம் வரிசையாகக் காட்டும். கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் போன்றவற்றில் இடத்தையும் தேதியையும் சரியாகக் குறிப்பிட்டால், அந்தப் பகுதியில் அந்தக் காலத்தில் எதிர்பார்க்கக்கூடியவற்றுக்கு முன்னுரிமை கிடைக்கும். அவற்றைக் கட்டாயம் நிரப்புங்கள். அப்போதும் வருவது ஒரு யோசனைதான், தீர்ப்பு உங்கள் கண்ணிடம் இருக்க வேண்டும்.

மாதமும் பேசுகிறது. குளிர்காலத்தில் வடக்கேயிருந்து இறங்கும் கொன்றுண்ணிகள் பெரும்பாலும் செப்டம்பர் கடைசியிலிருந்துதான் நம் பக்கம் தென்படத் தொடங்கும். ஆகவே ஸ்பேரோஹாக் என்ற இன்னொரு உறவினரை ஆகஸ்ட் பறவைக்கு நான் கணக்கில் சேர்க்கவில்லை; இதே பறவையை டிசம்பரில் பார்த்ததாக எழுதியிருந்தால் இன்னொரு பத்தி தேவைப்பட்டிருக்கும். மறுபக்கம், நம் ஊர் வல்லூறுகள் கோடையில் கூடு கட்டும். காகக் கூட்டைப் போன்ற சுள்ளி மேடை, புல் மெத்தை, வெளிர்நீலச் சாயலுள்ள முட்டைகள், ஏறக்குறைய மூன்று வாரம் அடைகாப்பு. கூட்டைவிட்ட குஞ்சுகள் சில வாரம் பெற்றோருக்குப் பின்னால் கத்திக்கொண்டே அலையும், பிறகு தனக்கென்று இடம் தேடிப் புறப்படும். ஜூலை, ஆகஸ்டில் புதிதாக ஒரு தோட்டத்தில் மார்புத் தீற்றலோடு ஒரு பறவை தோன்றி, தினமும் அதே கிளைக்கு வருவதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

தீற்றல்தான் வயதைச் சொல்கிறது. வளர்ந்த வல்லூறின் மார்பில் குறுக்குக் கோடுகள், செம்பழுப்பில், மிக நெருக்கமாக இருக்கும், முதுகு சாம்பல். ஆணுக்குக் கண் ஆரஞ்சு கடந்து சிவப்பாகும். பெண் பெரியது, முதுகில் கொஞ்சம் பழுப்பு கலந்திருக்கும், கண் மஞ்சளோ ஆரஞ்சோ. இளம்பறவைக்கு முதுகு பழுப்பு, கண் வெளிர்மஞ்சள், மார்பில் மேலிருந்து கீழாகச் சொட்டுச் சொட்டான தீற்றல். அவை வயிற்றுப்பக்கம் போகப் போக அகன்று குறுக்காகத் திரும்பும். நீங்கள் எழுதியிருப்பது அச்சாக இதுவே. ஆணா பெண்ணா என்று மட்டும் இந்த வயதில், ஒரு படத்தை வைத்து, நான் சொல்ல மாட்டேன். பெண் பெரிது என்றாலும் பக்கத்தில் ஒப்பிட இன்னொன்று இல்லாமல் அளவைக் கண்ணால் நிறுத்துவது ஏமாற்றும் வேலை. அடுத்த கோடைவரை அது உங்கள் பகுதியிலேயே தங்கினால், மார்பில் குறுக்குக் கோடுகள் வந்து கண்ணும் நிறம் மாறுவதை நீங்களே பார்க்கலாம்.

எப்போது வரும் என்று காத்திருந்து சலிக்க வேண்டாம், அணில் சொல்லிவிடும். வல்லூறு வந்து அமர்ந்தால் அணில் மரத்தண்டில் தலைகீழாக ஒட்டிக்கொண்டு, வாலை வெட்டி வெட்டி, ஒரே சுருதியில் நிறுத்தாமல் கத்தும். தவிட்டுக்குருவிகள் கூட்டமாகப் புதருக்குள் இறங்கி இரையும். தேன்சிட்டு சில நேரம் துணிந்து பக்கத்திலேயே போய்த் திட்டும். காகங்கள் கண்டுகொண்டால் துரத்திவிடும். இந்தக் கூச்சல் பூனைக்கும் பாம்புக்கும் அக்காக்குயிலுக்கும்கூட எழும் என்பதால் அடையாளத்துக்குச் சான்றாகாது, எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டும். வல்லூறின் குரலைக் கேட்டதாக நினைத்தால் ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். ‘ட்டி-ட்டூ’ என்ற அந்த இரட்டைக் குரலைக் கரிச்சான் அப்படியே எடுத்துப் பாடும். மின்கம்பியில் கரிச்சான் உட்கார்ந்திருந்தால் வானத்தில் வல்லூறைத் தேடி அலைய வேண்டியதில்லை.

இரை பிடித்த பிறகு அது செய்வதைக் கிட்டத்தில் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். பிடித்த உடனே தின்னாது. நகங்களை இறுக்கி இறுக்கித் தளர்த்தும். ஓணான் அடங்கிய பின் அதைக் கிளையோடு சேர்த்து ஒரு காலால் மிதித்துக்கொண்டு, சுற்றிலும் ஒருமுறை பார்க்கும். பிறகு தலைப்பக்கத்திலிருந்து கிழிக்கத் தொடங்கும். பறவை கிடைத்திருந்தால் முதலில் இறகுகளைப் பிடுங்கித் தலையை உதறிப் போடும். அதற்கென்று ஒரே கிளையையோ மதில் மூலையையோ திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் பழக்கம் உண்டு. உங்கள் முருங்கைக்குக் கீழே தேடிப் பாருங்கள். பிடுங்கப்பட்ட இறகுகளும், செரிக்காத எலும்பும் மயிருமாக அது கக்கிய சிறு உருண்டைகளும் கிடைக்கலாம். பூனை தின்ற இறகின் தண்டு கடிபட்டு முறிந்திருக்கும், இது பிடுங்கிய இறகின் தண்டு முழுசாக இருக்கும். அலகு கவ்விய இடத்தில் சிறு மடிப்பு மட்டும் தெரியும்.

இனி அம்மாவின் பயம். குழந்தைகளுக்கும் வீட்டுப் பூனைக்கும் வளர்ந்த கோழிக்கும் இதனால் எந்த ஆபத்தும் இல்லை. முழு வளர்ச்சி பெற்ற வல்லூறே கால் கிலோவைத் தாண்டுவது அரிது. தன் எடைக்கு நெருங்கியதைத் தூக்கிப் பறக்க அதால் முடியாது. கோழிக்குஞ்சை எடுக்கும், அதை மறுக்க முடியாது. லவ் பேர்ட்ஸ் விஷயத்தில் அம்மாவின் கவலை நியாயமானது. கூண்டுக்குள் படபடக்கும் சிறு பறவையை வல்லூறு கண்டால் கம்பியிலேயே வந்து தொற்றிக்கொண்டு, இடைவெளி வழியாகக் காலை நீட்டும். உள்ளே உள்ளவை மிரண்டு கம்பியில் மோதியே அடிபடும். கூண்டைச் சுவரோடு சேர்த்து வையுங்கள். மேற்பக்கத்தையும் இரண்டு பக்கங்களையும் தகடோ தடித்த துணியோ போட்டு மறையுங்கள். திறந்த பக்கத்தில் நான்கு விரல் தள்ளி இன்னொரு சின்னக்கண் வலை கட்டுங்கள்; கால் நீட்டினாலும் எட்டாது. கூண்டைக் காலை வேளையில் வீட்டுக்குள் எடுத்துவிட முடிந்தால் இன்னும் நல்லது. தினமும் வந்தும் ஒன்றும் கிடைக்காத இடத்தை அது சில நாளில் கைவிட்டுவிடும்.

விரட்ட வேண்டாம் என்று மனப்பூர்வமாகக் கேட்டுக்கொள்கிறேன். கல்லெறிவது, கவண் வில், பட்டாசு எதுவும் வேண்டாம். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இது பாதுகாக்கப்பட்ட பறவை. அடிப்பது, பிடிப்பது, குஞ்சை எடுத்து வளர்ப்பது எல்லாம் குற்றம். சட்டத்தை விடுங்கள், உங்கள் தோட்டத்தில் எலி விஷம் வைக்கும் பழக்கம் இருந்தால் அதை நிறுத்துவதுதான் இந்தப் பறவைக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி. விஷம் தின்ற எலி உடனே சாவதில்லை. தள்ளாடி வெளியே வந்து எளிதாக மாட்டும், அதைத் தின்னும் ஆந்தைக்கும் வல்லூறுக்கும் அந்த விஷம் போய்ச் சேரும். எலி பிடிக்கும் பசை அட்டையைத் திறந்த வெளியில் வைப்பதும் கூடாது. அதில் ஒட்டிய பல்லியைத் தேடிவரும் பறவையும் ஒட்டிக்கொள்ளும். பால்கனியிலிருந்து இறைச்சித் துண்டு வைத்துப் பழக்கவும் வேண்டாம். இளம்பறவை வேட்டையைக் கற்றுக்கொள்ளும் மாதங்கள் இவை.

கண்ணாடிச் சன்னலில் மோதியோ மாஞ்சா நூலில் சிக்கியோ கீழே விழுந்து கிடந்தால், தடித்த துண்டை அதன் மேல் போட்டு மெதுவாக எடுத்துக் காற்றுத்துளை இட்ட அட்டைப்பெட்டியில் வைத்து மூடிவிடுங்கள். அலகைவிட நகம்தான் ஆபத்து, கால்களைக் கவனியுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், சோறும் பாலும் தராதீர்கள். இருட்டும் அமைதியும் போதும். மோதிய அதிர்ச்சி மட்டும் என்றால் ஒரு மணி நேரத்தில் தெளிந்து, திறந்ததும் பறந்துவிடும். இரத்தமோ தொங்கும் சிறகோ இருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். நீங்களே நூலை இழுத்துப் பிரிக்க முயல வேண்டாம், தசைக்குள் இறங்கியிருக்கும்.

மீதமிருப்பது பெஸ்ரா பற்றிய அந்தச் சிறு இடைவெளி. அதை அடைக்க நீங்கள் இன்னும் ஒரு படம் எடுத்தால் போதும். காலை ஏழு மணிக்கு வெயில் கிழக்கிலிருந்து வருகிறது. உங்கள் படத்தில் நிழல் விழும் பக்கத்தைப் பார்த்தால் நீங்கள் மரத்துக்கு மேற்கே, சமையலறைப் பக்கம் நின்று எடுத்திருக்கிறீர்கள். கொய்யாப் பக்கத்திலிருந்து, வெயில் உங்கள் முதுகில் படும்படி நின்று எடுங்கள். உருப்பெருக்கத்தைக் கடைசிவரை இழுக்காதீர்கள். பாதி இழுத்து, கையைச் சுவரில் ஊன்றி, தொடர்ச்சியாகப் பல படங்கள். பறவை தலையை நிமிர்த்தும்போது தொண்டைக் கோட்டுக்கு ஒன்று, பின்பக்கமாகத் திரும்பும்போது வால் பட்டைக்கு ஒன்று, கிளையைப் பிடித்திருக்கும் விரல்களுக்கு ஒன்று. படத்தைப் பார்ப்பதற்கு முன்பே கண்ணால் கண்டதை ஒரு தாளில் எழுதிவிடுங்கள். செயலி ஒரு பெயரைச் சொன்ன பிறகு நம் நினைவும் அதற்கேற்றபடி வளைந்துகொடுக்கும். மூன்றில் இரண்டு தெளிவாக இருந்தாலும் சரி, இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். வால் பட்டைகள் கறுப்பும் வெளுப்பும் சம அகலத்தில் இருந்து, தொண்டைக் கோடும் தடித்திருந்தால் மேலே எழுதியதை நான் மாற்றிக்கொள்வேன்; அப்படியானால் அது மடிப்பாக்கத்துக்கு மிக அரிய வரவு, தேதியோடு இ-பேர்ட் தளத்தில் பதிவு செய்ய வேண்டியது. ஒடுங்கிய பட்டையும் மெல்லிய கோடும் என்றால் வல்லூறு என்று எழுதி, அதையும் பதிவு செய்யுங்கள்.